முரளிக்கு, அந்த இரண்டாவது ராத்திரி பற்றி

ஈசூன், சிங்கப்பூர்
ஜூலை 6

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, நீ மெல்பர்னிலிருந்து எப்போது வருகிறாய் என்று வாரம் ஒருமுறை கேட்கிறார்கள். குமரன் அண்ணன் தாடி வளர்க்கிறார், வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு தேக்கா சந்தையில் உன் தங்கையைப் பார்த்தேன். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, “அண்ணன் டீசல் ஹீட்டர் வாங்கிட்டாரு. நீங்க சூப்பர்னு சொன்னீங்களாம். ஆகஸ்ட்ல பிள்ளைங்களக் கூட்டிட்டு மலைக்குப் போறாராம்” என்றாள். நான் என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை. வாங்க வந்த மீனையும் வாங்காமல் ரயில் ஏறிவிட்டேன்.

நியூசிலாந்திலிருந்து “சூப்பர்டா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு” என்று உனக்குச் செய்தி அனுப்பியது முதல் ராத்திரி. அந்த ராத்திரிக்கு அது உண்மைதான். இரண்டாவது ராத்திரி நடந்ததை உனக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. மூன்று வாரமாக நெஞ்சிலேயே கிடக்கிறது.

முதல் ராத்திரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஹீட்டர் மேல் எனக்கு இன்னும் ஆசை போகவில்லை. டெக்காப்போ ஏரிக்கரை, கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டர் உயரம், ஜூன் மாதக் குளிர். வெளியே மைனஸ் 4. சின்னவள் வெளியே மறந்துவிட்டு வந்த தண்ணீர்ப் போத்தல் கல்லாகக் கிடந்தது. கூடாரத்துக்குள் நாங்கள் வெறும் டீ-சட்டையோடு உட்கார்ந்து மேகி சாப்பிட்டோம். உனக்குத் தெரியும், நாம் பாஷா என்கிற ராணுவத் தார்ப்பாய்க் கூடாரத்தில் வியர்த்து வழிந்தே பழகியவர்கள். குளிரில் கூடாரம் என்றால் காலையில் உள்பக்கத் துணியெல்லாம் ஈரம் சொட்டும் என்று பயந்துகொண்டு போனேன். ஒரு சொட்டு இல்லை. கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்தால் எரியும் கேஸிலிருந்தே நீராவி வரும். இதில் எரிவது வெளியே, உள்ளே வருவது காய்ந்த காற்று மட்டும். பையனின் நனைந்த காலுறையைக் குழாய் முன்னால் தொங்கவிட்டோம், அரை மணியில் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

வெந்நீர் அண்டாவை நினைத்துக்கொள். நெருப்பு அண்டாவுக்கு அடியில், தண்ணீர் அண்டாவுக்குள், இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அது மாதிரிதான் இதுவும். சின்னப் பம்பு டீசலைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும், உள்ளே ஒரு உலோக அறையில் அது எரியும், புகை அடியில் இருக்கும் குழாய் வழியாக வெளியே போய்விடும். விசிறி வேறு காற்றை இழுத்து, அந்தச் சூடான உலோகத்தின் மேல் ஓட்டி, பெரிய குழாய் வழியாகக் கூடாரத்துக்குள் தள்ளும். பம்பு டிக் டிக் என்று பல்லி மாதிரி ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். கவிதாவுக்கு முதலில் எரிச்சல், பிறகு அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டாள்.

இப்போது இரண்டாவது ராத்திரி.

ஹீட்டரைக் கூடாரத்துக்கு வெளியேதான் வைத்திருந்தேன், ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல். முதல் நாள் காற்று வடமேற்கிலிருந்து அடித்தது, புகை ஏரிப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. புகைக்குழாயின் வாயும், விசிறி காற்றை இழுக்கும் வாயும் ஒரே பக்கத்தில், ஒரு முழம் இடைவெளியில் இருந்தன. காற்று அடித்துக்கொண்டு போனதால் முதல் நாள் அது தெரியவில்லை. மறுநாள் நள்ளிரவுக்கு மேல் காற்று தெற்கத்திக் காற்றாகத் திரும்பிவிட்டது. புகை கூடாரத்துத் துணியில் மோதி, திரும்பி வந்து, விசிறியின் வாய்க்குள்ளேயே போயிருக்கிறது. அதாவது ஹீட்டர் தன் புகையைத் தானே இழுத்து, சூடாக்கி, என் பிள்ளைகள் தலைமாட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

3 மணிக்கு அலாரம் அடித்தது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம். கூடாரக் கம்பத்தில், படுத்திருக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் கட்டியிருந்தேன். அதன் சின்னத் திரையில் 112, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 112 பங்கு அந்த வாயு. அந்த எண்ணை என்னால் மறக்க முடியவில்லை, முரளி. புளோக் எண், பேருந்து எண் என்று எங்கே அதைப் பார்த்தாலும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

கவிதா எழுந்து உட்கார்ந்து, “தலை ரெண்டாப் பிளக்குது” என்றாள். பையன் உடனே எழுந்தான். சின்னவள் எழவில்லை. கூப்பிட்டேன், உலுக்கினேன், “ம்” என்று மட்டும் சொன்னாள். ஸ்லீப்பிங் பேக்கோடு அப்படியே இழுத்துக்கொண்டு பனிப்புல்லில் கொண்டு போய்ப் போட்டேன். குளிர் முகத்தில் பட்டதும்தான் அழ ஆரம்பித்தாள். ஒரு பிள்ளை அழுவதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அவள் பிறந்த அன்றைக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் மருத்துவரிடம் காட்டினோம். யாருக்கும் ஒன்றுமில்லை. கார்பன் மோனாக்சைடு நம் ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், நல்ல காற்றுக்கு வந்த பிறகும் அது பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும் என்று பொறுமையாக விளக்கினார். டீசல் வாடை வந்திருக்குமே, அதிலேயே விழித்திருக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். தூங்கும்போது மூக்கும் தூங்கிவிடும். அந்த வாயுவுக்கோ வாடையே கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிப்போனவர்கள் செய்தியை எத்தனை தடவை படித்து “ஐயோ பாவம்” என்று பக்கத்தைத் திருப்பியிருக்கிறோம்.

இதில் எனக்கு உறுத்துவது என்ன தெரியுமா? அலாரம் நான் நினைத்து வாங்கியதில்லை. கிறைஸ்ட்சர்ச்சில் ஹீட்டரை வாடகைக்குக் கொடுத்த பெரியவர், அலாரம் இல்லாமல் பெட்டியையே கையில் தரமாட்டேன் என்று நின்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, கூடுதல் செலவு என்று. அவர் மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அதனால், நீ என் பேச்சைக் கேட்டு வாங்கிய சாமானுக்கு, நான் சொல்வதை முழுக்கக் கேள். கூடாரம் கட்டும்போது மூன்றாவது முளையை விட்டுவிடுகிற மாதிரி, முதல் வரியைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிடாதே.

பெட்டி எக்காரணத்தைக் கொண்டும் உள்ளே வரக்கூடாது. முன்வாசல் தடுப்புக்குள்கூட வேண்டாம். புகைக்குழாயைக் காற்று போகும் பக்கமாக நீட்டி, வாய் கொஞ்சம் தாழ்ந்திருக்கிற மாதிரி வை, இல்லையென்றால் உள்ளே தண்ணீர் கட்டும். அது கொதிக்கிற சூடு, துணியோ புல்லோ அதைத் தொடக்கூடாது. விசிறி காற்று இழுக்கும் வாய் அதற்கு நேர் எதிர்ப்பக்கம், எட்ட இருக்கட்டும். காற்று திரும்பும் என்று நினைத்தே வை. கூடாரத்தின் மேல் சன்னல் ஒன்று எப்போதும் திறந்திருக்கட்டும், சூடு கொஞ்சம் போனால் போகட்டும்.

உன் தங்கை 8 கிலோவாட் என்றாள். 8 என்று ஒட்டியிருக்கும் பலவற்றின் உள்ளே இருப்பது 5 கிலோவாட்தான், பெட்டியைப் பார்த்து ஏமாறாதே. நாலு பேர் கூடாரத்துக்கு 2 கிலோவாட்டே போதும். பெரியதை வாங்கி ராத்திரி முழுக்க மெதுவாக ஓட்டினால் உள்ளே கரி அடையும், கரி அடைந்தால் சரியாக எரியாது, சரியாக எரியாவிட்டால் அந்தப் பாழாய்ப்போன வாயு அதிகமாகும். தினமும் நிறுத்துவதற்கு முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட விடு. உயரமான இடத்தில் காற்று மெல்லிசு என்பதால் அங்கே கரி இன்னும் சீக்கிரம் சேரும்.

நிறுத்தும்போது பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். பேட்டரி வயரைப் பிடுங்காதே. உள்ளே சூடு ஆறும்வரை விசிறி சில நிமிடம் ஓடும், ஓடட்டும். எங்களுக்கு அலாரம் அடித்தபோதும் முதலில் பிள்ளைகளை வெளியே தூக்கினேன், அப்புறம்தான் பொத்தான் பக்கம் போனேன். அந்த வரிசை மாறக்கூடாது.

பேட்டரியைப் பற்றிப் பயப்படாதே. பற்றவைக்கும்போது சில நிமிடம் 10 ஆம்பியர் வரை இழுக்கும், ஓட ஆரம்பித்ததும் ஒன்றிரண்டுதான். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் எங்களுக்கு இரண்டு ராத்திரி ஓடியும் பாதிகூடக் குறையவில்லை. டீசல் ஒரு ராத்திரிக்கு ஒன்றரை லிட்டருக்குள்தான். ஆனால் மெல்பர்னில் நிரப்பிக்கொண்டு போகாதே. சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டி வடிகட்டியை அடைத்துவிடும். மலையடிவாரத்து ஊர்களில் ஆல்பைன் டீசல் என்று விற்பார்கள், அதை வாங்கு.

அன்றைக்கு அப்புறம் நாங்கள் கூடாரத்துக்குள் போகவில்லை. நாலு பேரும் காருக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். ஏழு மணி வாக்கில், இருட்டு இன்னும் முழுசாகப் பிரியவில்லை, வடகிழக்கில் மலைக்கு மேலே சின்னக் கொத்தாக நட்சத்திரம் தெரிந்தது. சின்னவள்தான் முதலில் பார்த்தாள். நம் கார்த்திகைதான், முரளி. அங்கே மாத்தாரிக்கி என்பார்கள், அது விடியலில் திரும்ப வருவதுதான் மாவோரிகளுக்குப் புத்தாண்டு, 2022-லிருந்து அதற்குப் பொது விடுமுறையே விட்டிருக்கிறார்கள். அம்மா கார்த்திகைக்கு விளக்கு வைக்கும்போது சொல்வதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கையை மட்டும் விடவே இல்லை.

நான் உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. போ. பிள்ளைகள் பனியைத் தொட்டுப் பார்க்கட்டும். அடுத்த வருடம் நாங்களும் வருகிறோம், கவிதா மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.

உன் தங்கை 20-ஆம் தேதி அங்கே வருகிறாளாம். அவளிடம் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்துவிடுகிறேன். உள்ளே இருப்பது அதே அலாரம், புது பேட்டரி போட்டிருக்கிறேன். கைக்கு வந்ததும் சோதனைப் பொத்தானை ஒரு தடவை அழுத்து. சத்தம் கேட்டதும் எனக்கு ஒரு வரி அனுப்பு, நடு ராத்திரியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
செல்வம்