‘ஹார்லிக்வின்’ வந்த இடமெல்லாம் கோமாளி வேண்டாம்: கலைச்சொல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கலைச்சொல் குழுவினருக்கும், அகராதித் தொகுப்பாளர்களுக்கும், மருத்துவ, உயிரியல் நூல்களைத் தமிழாக்குவோருக்கும் வணக்கம்.

மொழிபெயர்ப்பும் சொல்தொகுப்புமே அன்றாட வேலையாகக் கொண்ட சிலர் சேர்ந்து எழுதுகிறோம். சாய்சதுரக் கட்டம் போட்ட உடையில் வரும் பழைய இத்தாலிய நாடகப் பாத்திரத்தின் ஆங்கிலப் பெயர் ‘ஹார்லிக்வின்’. அந்தச் சொல்லை எங்கே கண்டாலும் ‘கோமாளி’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும் வழக்கத்தைக் கைவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், பச்சிளங்குழந்தைக்கு வரும் ‘ஹார்லிக்வின் இக்தியோசிஸ்’ என்ற தோல்நோயின் தமிழ்ப்பெயரிலிருந்து ‘கோமாளி’யை எடுத்துவிடுங்கள்.

அந்த நோயோடு பிறக்கும் குழந்தையின் உடல் முழுவதும் தடித்த தோல் பாளங்கள் மூடியிருக்கும். பாளத்துக்கும் பாளத்துக்கும் நடுவே சிவந்த, ஆழமான வெடிப்புகள் ஓடும். கோடையில் வற்றிய ஏரிப்படுகையைப் பார்த்தவர்களுக்கு வேறு உவமை தேவையில்லை. தோல் இறுக்கி இழுப்பதால் இமைகள் வெளிப்புறமாக மடங்கும், உதடுகள் மூட முடியாமல் விரிந்து நிற்கும், மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு திணறும். வெடிப்புகளின் வழியே நீரும் உடற்சூடும் வெளியேறும், கிருமிகள் உள்ளே போகும். ஏபிசிஏ12 என்ற மரபணுவில் உள்ள பழுதுதான் காரணம் என்பது 2005இல் தெரியவந்தது. தோலின் மேலடுக்குக்குக் கொழுப்பைக் கொண்டு சேர்க்கும் புரதத்தை உருவாக்குவது அந்த மரபணு. அது பழுதானால் தோல் நீரைக் காக்கும் திறனை இழந்து, கெட்டிப்பட்டு வெடிக்கிறது. தாய், தந்தை இருவரும் பழுதுள்ள பிரதி ஒன்றைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். அதனால் தமிழில் எழுதப்படும் மரபணு ஆலோசனைக் கையேட்டில் இந்த நோய்க்கு இடம் உண்டு. ஈரப்பதம் கூட்டிய இன்குபேட்டர், ஓயாமல் பூசும் களிம்பு, ரெட்டினாய்டு மருந்து ஆகியவற்றால் முன்பென்றால் சில நாட்களில் இறந்துபோயிருக்கக்கூடிய குழந்தைகள் பலர் இன்று பிழைத்து வளர்கிறார்கள்.

இப்படியொரு குழந்தையைப் பெற்றவள் கையில் ‘கோமாளிக் குழந்தை நோய்’ என்று அச்சிட்ட தாளைக் கொடுக்கலாமா? ஆங்கிலத்தில் அந்தப் பெயரை வைத்தவர்கள் பார்த்தது பாளங்களின் சாய்சதுர வடிவத்தை. தமிழில் கோமாளி என்றதும் காதில் விழுவது சிரிப்பு மட்டுமே. மூலத்தில் இருந்த கட்டம் போய்விடுகிறது, மூலத்தில் இல்லாத கேலி வந்து ஒட்டிக்கொள்கிறது. எங்கள் பரிந்துரை ‘பாளத்தோல் நோய்’. அதன் கீழே ‘ஹார்லிக்வின் இக்தியோசிஸ்’ என்று தமிழ் எழுத்தில் கட்டாயம் தரவேண்டும். மருத்துவர் வாயில் அந்தப் பெயர்தான் வரும்; குடும்பத்தார் அதைக் காதில் கேட்டு அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ஹார்லிக்வின் ஆன ஆர்லெக்கீனோ, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியின் கொம்மேதியா தெல்லார்த்தே என்ற முகமூடி நாடகங்களில் வரும் வேலைக்காரன். பெர்கமோ நகரத்தான் என்பது மரபு. எப்போதும் பசி, எப்போதும் காதல், உடம்போ ரப்பர். 1580களில் பாரிசில் இந்த வேடம் கட்டிய திரிஸ்தானோ மார்த்தினெல்லி, பெயர் தெரிந்த முதல் நடிகர்களில் ஒருவர். பெயரின் வேர் இன்னும் பழையது என்பார்கள். பிரெஞ்சு நாட்டுப்புறக் கதைகளில் பேய்ப்படையை நடத்திச் செல்லும் எல்லெக்கன் வரை அதைக் கொண்டுபோவார்கள். முதலில் அவன் உடை ஏழையின் கிழிசல், ஒழுங்கில்லாத ஒட்டுத்துணிகள். 17ஆம் நூற்றாண்டில் அந்த ஒட்டுகளே சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலச் சாய்சதுரங்களாக வரிசைப்பட்டன. முகத்தில் கறுத்த தோல் அரைமுகமூடி, நெற்றியில் ஒரு புடைப்பு, இடுப்பில் அடித்தால் ‘பட்’டென்று ஓசை மட்டும் எழுப்பும் இரட்டைப் பலகை மட்டை.

நாடக நூல்களில் அவனைக் கட்டியங்காரன் என்று எழுதுவதையும் நாங்கள் ஏற்கவில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் திரைக்கு வெளியே நின்று பாத்திரத்தை வரவேற்பவன், கேள்வி கேட்பவன், கதையை நிறுத்திப் பார்வையாளரோடு பேசுபவன். ஆர்லெக்கீனோ கதைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு குட்டிக்கரணம் போடுபவன். அவனை ஆர்லெக்கீனோ என்றே விட்டுவிடலாம். தோற்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனை வேறு மொழியில் ‘ஹார்லிக்வின்’ என்று எழுதினால் நமக்குப் பொறுக்குமா?

மற்ற துறைகளில் இந்தச் சொல் வரும்போது, அவனிடமிருந்து எது எடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உடையின் கட்டமா, நிறங்களின் கலவையா, முகமூடியா, சாயம் பூசிய முகமா? விடை துறைக்குத் துறை மாறும், தமிழ்ச்சொல்லும் மாறவேண்டும்.

பூச்சியியலில் ஹார்மோனியா ஆக்சிரிடிஸ் என்ற பொறிவண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்காசியப் பூச்சி, செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் என்று வேறு நாடுகளில் விடப்பட்டு, இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ளூர்ப் பொறிவண்டுகளை நெருக்குகிறது. பிரிட்டனில் 2004இல் கண்டறியப்பட்டது. 5 முதல் 8 மில்லிமீட்டர் நீளம். ஆரஞ்சுச் சிறகில் புள்ளியே இல்லாமலும் இருக்கும், 19 புள்ளிகளோடும் இருக்கும். கறுப்புச் சிறகில் இரண்டு அல்லது நான்கு சிவப்புப் பொட்டுகளோடும் திரியும். ஒன்றைப் போல மற்றொன்று இராது என்பதுதான் பெயரின் பொருள். ‘கோமாளிப் பொறிவண்டு’ என்று படிக்கும் மாணவர் ஒரே தோற்றத்தைத் தேடுவார், மற்றதை எல்லாம் விட்டுவிடுவார். ‘பலவேடப் பொறிவண்டு’ என்றால் தேட வேண்டிய முறையே பெயரில் வந்துவிடுகிறது.

ஹார்லிக்வின் வாத்தின் கதை வேறு. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ் 1758இல் அதற்கு வைத்த பெயரில் இருப்பது நடிகனைக் குறிக்கும் லத்தீன் சொல். ஆண் வாத்தின் முகத்தை அருகில் பாருங்கள்: நீலச்சாம்பல் தலை, கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் பிறை, பின்னால் வெள்ளைப் பொட்டு, கழுத்தில் கருவிளிம்பு கட்டிய வெள்ளை வளையம், விலாவில் செம்பழுப்பு. ஒப்பனை அறையிலிருந்து இப்போதுதான் எழுந்து வந்த முகம். ‘அரிதார வாத்து’ என்று சொல்லிப் பார்த்தோம், நன்றாகவே உட்கார்ந்தது. கூத்து இங்கே பெயருக்குள் இருக்கத் தகுதியானது.

கிரேட் டேன் நாயின் ஹார்லிக்வின் நிறத்துக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. வெள்ளை உடம்பில் பிய்த்து ஒட்டியது போன்ற கறுப்புத் திட்டுகள். மாடு வளர்ப்பவர்கள் இத்தகைய திட்டுகளுக்கு ‘மறை’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள்; ‘கருமறை’ என்றால் போதும். வண்ணமீன் வளர்ப்பவர்களின் ராஸ்போராவுக்கு வாலை ஒட்டிய கறுப்பு முக்கோணம்தான் அடையாளம். ‘கருமுக்கோண ராஸ்போரா’ எனலாம். ஒன்றோடொன்று ஒவ்வாத நாற்காலிகளை ஒரே தொகுதியாகப் போடுவதை ஆங்கிலத்தில் ஹார்லிக்வின் செட் என்பார்கள். பூக்கடைக்காரரிடம் கேட்டால் ‘கதம்பம்’ என்பார், அவ்வளவுதான்.

தச்சு வரலாற்றில் ஒரு நல்ல கண்ணி இருக்கிறது. 1790களில் ஆங்கிலேய மரச்சாமான் வடிவமைப்பாளர் ஷெரட்டன் வரைந்த ஹார்லிக்வின் மேசையில் நிறமும் இல்லை, கட்டமும் இல்லை. பலகைக்குள் ஒளிந்த சிற்றறைப் பெட்டி பொறியால் மேலே எழும். ஹார்லிக்வின் வரும் மேடைக் காட்சிகளில் இயந்திர வேலை மிகுதி, அதனால்தான் இந்தப் பெயர் என்று அவரே எழுதியிருக்கிறார். ‘பல்வண்ண மேசை’ என்று மொழிபெயர்த்தால் முழுத் தவறு. ‘எழும்பெட்டி மேசை’ சரி.

மறுபடி மருத்துவத்துக்கு வருகிறோம், ஏனெனில் அங்கே பிழை உயிரைத் தொடும். பாளத்தோல் நோயைத் தவிர மூன்று ஹார்லிக்வின்கள் உண்டு. பிறந்து சில நாட்களான குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தால், நடுக்கோடு போட்டது போலக் கீழ்ப்பாதி சிவந்து மேல்பாதி வெளிறுவது ஒன்று. அரை நிமிடம் முதல் 20 நிமிடம் வரை இருந்து தானே மறையும், ஆபத்தில்லை. இதற்கு ‘பாதியுடல் சிவப்பு’ போதும். ‘அர்த்தநாரி நிறமாற்றம்’ என்ற யோசனையும் எங்களிடையே எழுந்தது. அழகான சொல்தான், ஆனால் எல்லா மதத்தாரும் படிக்கும் நோய்க்குறிப்பில் வேண்டாம் என்று விட்டோம். இரண்டாவது, வெயிலிலோ உடற்பயிற்சியிலோ முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிவந்து வியர்ப்பது. வியர்வையையும் சிவப்பையும் தூண்டும் பரிவு நரம்பு பழுதாவதால் மறுபக்கம் வறண்டு வெளிறியிருக்கும்: ‘ஒருபக்க முகச்சிவப்பு’. மூன்றாவது, இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து இயந்திரத்தால் ஆக்சிஜன் ஏற்றித் திருப்பும் எக்மோ சிகிச்சையில் வருவது. தொடைக் குழாய்கள் வழியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும்போது, இதயம் தேறி நுரையீரல் தேறாமல் இருந்தால், ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை இதயமே தலைக்கும் வலக்கைக்கும் தள்ளும். கால் சிவந்திருக்கும், முகம் நீலம் பாரிக்கும். ஆக்சிஜனை இடக்கையிலோ காலிலோ அளந்தால் எல்லாம் சரி என்றே காட்டக்கூடும், வலக்கையில் அளக்கவேண்டும். இதை ‘மேலுடல் ஆக்சிஜன் குறைவு’ என்று எழுதுங்கள்.

இந்த நான்கையும் ‘கோமாளி’ என்ற ஒரே முன்னொட்டோடு ஒரே பக்கத்தில் அச்சிட்டால், தானே மறையும் சிவப்பையும் உடனே கவனிக்கவேண்டிய நீலத்தையும் செவிலியர் எப்படிப் பிரித்தறிவார்?

கடைசியாக எழுத்துக்கூட்டல். ஹார்லிக்வின், ஹார்லெகுயின், ஆர்லெகின் என்று ஒரே அகராதியில் மூன்று விதமாக எழுதினால் தேடுபவர் மூன்றில் இரண்டைத் தவறவிடுவார். இத்தாலியப் பாத்திரத்துக்கு ‘ஆர்லெக்கீனோ’, ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஹார்லிக்வின்’ என்று நிலைப்படுத்துங்கள். மேலே சொன்ன தமிழ்ச்சொற்களில் ‘எழும்பெட்டி’ போன்றவற்றைவிடச் சிறந்தது கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வோம். பச்சிளங்குழந்தை மருத்துவப் பதிவுகளை மட்டும் முழுத்திருத்தம் வரும்வரை காத்திருக்க விடாமல் முதலில் மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்களும் சொல்தொகுப்பாளர்களும் சிலர்