சேலம், பனங்காட்டுப் பட்டறையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

என் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தாயிற்று; அதற்குக் கை கொடுத்த உங்களுக்குத்தான் இந்த மடல். பேர் போட்டால் சிலருக்குப் பிடிக்காது, ஒருவர் பேர் விட்டுப்போனால் சண்டைக்கு வருவீர்கள். அதனால் யார் பேரும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி, பட்டறையில் என் பக்கத்தில் உட்காரும் தங்கச்சிக்கு. இருபது வருஷமாகக் கொலுசுக்குப் பற்றவைக்கிறேன். ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரை வளையத்தின்மேல் ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். நடுவில் மூச்சு அறுந்தால் வளையத்தை ஒட்டவைக்கிற பொடி உருகாமல் அப்படியே நிற்கும். மூன்று வருஷமாக எனக்கு அறுந்துகொண்டே இருந்தது. வயசு 43, உடம்பும் போட்டுவிட்டது, அதுதான் காரணம் என்று நானே சொல்லிக்கொண்டு சலங்கை முத்து கோக்கிற வேலைக்கு மாறினேன். வீட்டில் ‘சோம்பேறி’ என்று பேர். ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், இன்னொன்றில் ரத்தம் கம்மி என்று டானிக். இரண்டையும் ஒழுங்காகவே எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் திருவிழா. 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ் ஏறிவிட்டது. மேலே கோயிலுக்கு நடக்கிற கொஞ்ச தூரத்தில் நான் மூன்று தடவை உட்கார்ந்துவிட்டேன். எழுபது வயசு மாமியார் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். தங்கச்சி மட்டும் நின்று, “அக்கா, உன் கழுத்து துடிக்கிறது இங்கிருந்தே தெரியுது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீயா வரலைன்னா தூக்கிட்டுப் போயிடுவேன்” என்றாள். தூக்கவில்லை, இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு இருந்த இளம் டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடி இழுக்கச் சொன்னார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ‘லப் டப்’பில் அந்த ‘டப்’ மூச்சை இழுக்கும்போது லேசாகப் பிளந்து கேட்குமாம், விடும்போது சேர்ந்துகொள்ளுமாம். எனக்குச் சேரவே இல்லை. வெளியே அத்தனை பெரிய வரிசை நிற்க, எனக்கென்று அந்த ஒரு நிமிஷத்தை ஒதுக்கினீர்களே அம்மா, இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கிற சோதனை, எடுத்த தம்பி திரையைத் திருப்பிக் காட்டினார். இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை, பிறவியிலிருந்தே. நுரையீரலில் சுத்தமாகி வந்த ரத்தத்தில் ஒரு பங்கு உடம்புக்குப் போகாமல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஒழுகி, திரும்பவும் நுரையீரலுக்கே போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷம், இரண்டு பிரசவம் உட்பட, வலப்பக்கம் கூடுதல் வேலை பார்த்துப் பார்த்து வீங்கிப்போயிருந்தது. அந்த ரிப்போர்ட்டை வீட்டில் எல்லோர் கையிலும் கொடுத்தேன். சோம்பேறி என்ற பேச்சு அன்றோடு நின்றது.

எல்லா ஓட்டையையும் ரத்தக்குழாய்க்குள் விடுகிற மெல்லிய குழாய் வழியாக அடைக்க முடியாது என்று இதய டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். நடுப்பகுதியில் இருக்க வேண்டும், சுற்றிலும் பிடிமானத்துக்கு விளிம்பு வேண்டும். இல்லையென்றால் நெஞ்சைத் திறப்பதுதான் வழி. நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கைமீறியிருந்தால் அடைக்கவே கூடாதாம். விளிம்பைப் பார்க்கத் தொண்டை வழியாக எக்கோ எடுத்தார்கள். அப்போது கை கொடுத்த நர்ஸ் அக்கா, உங்கள் மணிக்கட்டில் என் நகம் பதிந்திருக்கும், மன்னித்துவிடுங்கள்.

அடைக்கும் கருவியின் மாதிரி ஒன்றை டாக்டர் என் கையில் கொடுத்தார். கொலுசு வேலைக்காரியிடம் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியை வலையாகப் பின்னி இரண்டு தட்டு, நடுவில் இடுப்பு, உள்ளே பாலியஸ்டர் துணி. இழுத்தால் ஒல்லியாக நீண்டு, 3 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய்க்குள் நுழைகிறது. வெளியே வந்ததும் பழையபடி தட்டாக விரிகிறது. வெள்ளிக் கம்பியை வளைத்தால் வளைத்த இடத்தில் நிற்கும். இது பழைய உருவத்தை மறக்கவே மாட்டேன் என்கிறது. “கவரிங் போட்டா அரிக்குமா?” என்று கேட்டார், நிக்கல் ஒவ்வாமைக்காக. “நான் போட்டதே வெள்ளிதானுங்க சார்” என்றேன்.

எனக்கு வைத்தது 24 மில்லிமீட்டர். மயக்கத்தில் இருந்ததால் ஒன்றும் தெரியாது. மறுநாள் அவரே காகிதத்தில் வரைந்து காட்டினார். வலது தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக இதயத்துக்கு ஏறி, ஓட்டையைத் தாண்டி, இடப்பக்கத் தட்டை முதலில் விரித்துச் சுவரோடு சேர இழுத்து, பிறகு வலப்பக்கத் தட்டை விரித்திருக்கிறார்கள். பிடித்திருக்கிறதா என்று இழுத்தும் தள்ளியும் பார்த்துவிட்டுத்தான், கருவியைப் பிடித்திருந்த கம்பியைத் திருகிக் கழற்றினார்களாம். கொலுசில் திருகாணியை மாட்டினால் வேலை முடிந்தது. அங்கே கழற்றினால்தான் முடிகிறது!

இந்த வலைப்பின்னலைக் கொண்டுவந்தவர் கர்ட் ஆம்பிளாட்ஸ் என்ற டாக்டராம். எங்கள் தொழிலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்கிறேன். அவருக்கும் முன்னால், 1975-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், டெரி கிங், நோயல் மில்ஸ் என்ற டாக்டர்கள் முதன்முதலாகக் குழாய் வழியாக இந்த மாதிரி ஓட்டையை அடைத்தார்கள். அதற்குப் படுத்துக்கொடுத்தது 17 வயசுப் பெண். அந்தப் பெண்ணுக்கும் சேலத்திலிருந்து ஒரு நன்றி.

வட்டியில்லாமல் அட்வான்ஸ் கொடுத்த முதலாளி அண்ணன், காப்பீட்டு அட்டையில் என் பேரிலிருந்த எழுத்துப் பிழைக்காக நாலு தடவை ஓடிய கவுண்டர் தங்கை, ரத்தம் தேவைப்படாத போதும் வந்ததற்கு யாருக்காவது ஆகட்டும் என்று கொடுத்துவிட்டுப் போன செவ்வாய்பேட்டைத் தம்பிகள், பிள்ளைகளுக்குப் பொங்கிப்போட்ட ஓரகத்தி. காலை மடக்காமல் மணிக்கணக்காகப் படுத்துக் கிடந்தபோது முகம் சுளிக்காமல் பெட்பேன் வைத்த ஆயாம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி; அவருக்குப் பணம் நீட்டியது என் தப்பு.

இன்னும் ஆறு மாசம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அதற்குள் சதை வளர்ந்து வலையை மூடிவிடுமாம். பல் பிடுங்குவதென்றாலும் முதலில் இதயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனம் தூக்காதே என்ற ஒரு மாசம் போன வாரத்தோடு முடிந்தது. திங்கட்கிழமை பட்டறைக்கு வருகிறேன், பற்றவைக்கிற வேலைக்கே. என் ஊதுகுழல் யாரிடம் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.