பட்டாவில் பெயர் இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விவசாயம் பார்த்த தன் பூட்டனாரைப் பழைய பட்டா வழியாகத் தேடிப்போன வாசகரின் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். நன்றாக எழுதியிருந்தார். ஆனால் பட்டா கையில் கிடைத்ததும் பூட்டனாரே கிடைத்துவிட்டதுபோல் கட்டுரையை முடித்துவிட்டார். அங்கேதான் இடிக்கிறது.

பட்டா என்பது தீர்வை (நில வரி) யார் கட்ட வேண்டும் என்பதற்காக சர்க்கார் கொடுத்த சீட்டு. தாமஸ் மன்றோ கவர்னராக இருந்த 1820களில், குடியானவரிடம் சர்க்கார் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்தில் ஊன்றிக்கொண்டபோது, சர்க்காருக்கு வேண்டியிருந்தது வரி கட்டும் ஆளின் பெயர். அவரே ஏர் பிடித்தாரா, வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) விட்டாரா, பண்ணையாள் வைத்திருந்தாரா என்பதெல்லாம் அதில் தெரியாது. கூட்டுக் குடும்பம் என்றால் மூத்தவர் பெயரோடு சரி. ஜமீன் கிராமங்களின் கதையே வேறு. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்பு அங்கே குடியானவர் வரி கட்டியது ஜமீனுக்கு. அதனால் அந்தக் காலத்துப் பெயர்களை ஜமீன் கணக்கில்தான் தேட வேண்டும்.

இதைவிட உயிருள்ளது அடமானப் பத்திரம். எங்கள் பூட்டனார் எழுதிக்கொடுத்த ஒன்றின் நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கினேன். 'முன் கடன் பைசல் செய்யவும் உழவு மாடு வாங்கவும்' என்று கடனுக்குக் காரணம் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் மாடு செத்திருக்க வேண்டும், அல்லது விற்றுத் தின்றிருக்க வேண்டும். நான்கெல்லையில் கிழக்கே ஓடை, தெற்கே அவருடைய சித்தப்பா மகனின் பங்கு. பாகப்பிரிவினை நடந்த விஷயமே எங்களுக்கு இந்த ஒரு வரியில்தான் தெரிந்தது. சாட்சிக் கையெழுத்து போட்டிருப்பவர் அவர் மனைவியின் அண்ணன். கடைசியில் பூட்டனாரின் பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் அப்பியிருக்கிறது. வீட்டில் சொல்லிவந்த 'ஊரில் பாதி நிலம் நம்முடையது' கதைக்கு இந்தப் பத்திரத்தில் இடமே இல்லை. (நம் வீடுகளில் எந்தப் பூட்டனும் சின்ன சம்சாரியாக இருந்ததில்லை. எல்லாருமே பெரும் பண்ணை, எல்லாரும் சீட்டாடித் தோற்றவர்கள்!)

அப்புறம், கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) எழுதிய அடங்கல் கிடைத்தால் விடவே கூடாது. எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எந்தப் பாய்ச்சல் என்பதெல்லாம் அதில் வரும். ஒரே நிலத்தை நாலைந்து பசலிக்கு (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு வருடம்) தொடர்ந்து பார்த்தால் கம்பு, சோளம், மறுபடி கம்பு, பிறகு தரிசு என்று ஒரு குடும்பத்தின் நல்லதும் கெட்டதும் வரிசையாகத் தெரியும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலை மாதத்து ஆங்கில வருடம் வரும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை, அதாவது தாது வருஷப் பஞ்ச காலம்.

நிலமே இல்லாதவர்களை எங்கே தேடுவது? இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர்களின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் உண்டு. அப்படிப் போன ஒருவருடைய அண்ணன் ஊரிலேயே இருந்து சாகும்வரை அடுத்தவர் நிலத்தை உழுதிருந்தால் அவருக்கு ஒரு வரிகூட இருக்காது. பெண்கள் நிலைமையும் ஏறக்குறைய அதேதான். நாற்று நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்த பூட்டியின் பெயர் பத்திரத்தில் ஏறுவது பெரும்பாலும் கணவர் போன பிறகு, மைனர் பிள்ளைக்குக் கார்டியன் என்ற முறையில். இவர்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டு வைத்துக்கொண்டால்தான் உண்டு. அதைப் பட்டா தேடும் முன்பே செய்ய வேண்டும், பட்டா காத்திருக்கும்.

பரம்பரைக் கர்ணம் முறை 1980இல் ஒழிந்தது. அந்தக் குடும்பங்கள் சிலவற்றின் பரணில் பழைய கணக்குகள் இன்னும் கிடக்கின்றன. படிக்கத் தெரியாததால் எடைக்குப் போகின்றன. தமிழ் எண்கள், மா, காணி போன்ற பின்னங்கள், வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸ என்ற குறிகள் எல்லாம் பழகினால் எளிதுதான். உங்கள் இதழில் வாரம் ஒரு பழைய பத்திரத்தைப் படமாகப் போட்டு, வரி வரியாகப் படித்துக் காட்டினால் என்ன? முதல் வாரத்துக்கு எங்கள் பூட்டனாரின் அடமானப் பத்திர நகலை அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்