மேக்கப் அறையில் கையைப் பிடித்த அக்காவுக்கு

ஆடை களைந்து ஆடும் ஸ்ட்ரிப் கிளப்பில் நடனக்காரியாக எனக்கு அன்றுதான் முதல் நாள் வேலை. மேக்கப் அறையில் உட்கார்ந்து காலுக்கு லோஷன் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தார். "இதோட ஆடுற கம்பத்துல ஏறினா வழுக்கி விழுவ!" ஈரத் துண்டால் அவரே துடைத்தும் விட்டார்.

அப்புறம் நிறையச் சொன்னார். நிஜப் பெயரை யாரிடமும் சொல்லாதே. ஒருவருக்கு மட்டும் ஆடும் தனி நடனம் என்றால் காசு முதலில் கைக்கு வரட்டும். குடித்துக்கொண்டிருந்த கிளாஸை வைத்துவிட்டுப் போனால், திரும்ப வந்து அதைத் தொடாதே. கிளப்புக்குக் கட்டும் ஷிஃப்ட் கட்டணம் போக மிஞ்சுவதுதான் உன் வருமானம், தினமும் எழுதி வை. ஹீல்ஸை வீட்டிலேயே போட்டு நடந்து பழகு. (இதை மட்டும் நான் கேட்கவில்லை, குதிகாலில் கொப்புளம்.)

வேலை முடிந்ததும் காவலாளியைக் கூப்பிட்டு என்னைக் கார் வரை அனுப்பிவைத்தார். அவர் நிஜப் பெயர் எனக்கும் தெரியாது. நன்றி அக்கா.