டிக்கெட் போடுவதற்கு முன்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள சரசு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். என் முட்டிவலியும் நலம். தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை, நீ அனுப்பிய குரல் பதிவுகளுக்கெல்லாம் கட்டைவிரல் காட்டியதோடு சரி. திட்ட வேண்டியதை நேரில் திட்டு. அமெரிக்காவில் படிக்கும் என் பெரியவள் விசாவைப் புதுப்பிக்க டிசம்பரில் வந்ததிலிருந்து பொங்கல் கழித்து விமானம் ஏறும்வரை இந்த வீட்டில் யாரும் நிம்மதியாக மூச்சு விடவில்லை.

நேற்று உன் செய்தியைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். உன் மகளுக்கு ஜூனில் கல்யாணம், சின்னவன் அமெரிக்காவிலிருந்து வருகிறான், டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, எல்லாம் சந்தோஷம். ஆனால் "விசா முடிஞ்சிடுச்சு, அதனால ஒன்னும் இல்லைன்னு கூட வேலை செய்றவங்க சொன்னாங்களாம்" என்று போகிற போக்கில் சொன்னாயே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் காசு கட்டுவதற்குள் இதைப் படித்துக் காட்டு.

அவர்கள் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. விசா அந்த நாட்டுக்குள் நுழைவதற்கு மட்டும்தான். உள்ளே இருக்கும்போது அது காலாவதியானாலும் மற்றக் காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் யாரும் வெளியே போகச் சொல்வதில்லை. வெளியே வந்துவிட்டால், புது விசா இல்லாமல் திரும்பப் போக முடியாது. கனடா, மெக்சிகோ மாதிரி பக்கத்து நாட்டுக்குப் போய் 30 நாளுக்குள் திரும்பினால் பழைய விசாவோடு விடுவதற்கு ஒரு விதி இருக்கிறது. அதை யாரோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு உன் மகனிடம் ஓதியிருப்பார்கள். உன் சிரம்பானுக்கு அந்த விதி செல்லாது.

அடுத்தது அந்த ஐ-20 படிவம், வெளிநாட்டு மாணவர் என்பதற்குப் பல்கலைக்கழகம் கொடுக்கிற காகிதம். அதன் இரண்டாம் பக்கத்தில் பயணத்துக்கென்று ஒரு கையெழுத்து இருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக அதிகாரி போடுவது. என் மகள் இன்னும் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள், அவளுக்கு அது ஓராண்டு செல்லும். உன் மகன் படித்து முடித்து ஓபிடியில், அதாவது படிப்பு முடிந்த மாணவர்களுக்குக் கொஞ்ச காலம் கொடுக்கும் வேலை அனுமதியில், வேலை செய்கிறான் இல்லையா? அவனுக்கு ஆறே மாதம். கிளம்புகிற நாளை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, திரும்ப நுழைகிற நாளை வைத்துப் போட வேண்டும். வேலைக்குப் போனதும் பிள்ளைகள் கல்லூரியை மறந்துவிடுகிறார்கள், ஆனால் கையெழுத்து அங்கிருந்துதான் வர வேண்டும். இப்போதெல்லாம் மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடுகிறார்கள், அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் போதும். கூடவே வேலை அனுமதி அட்டை, கம்பெனிக் கடிதம். எதையும் பெட்டிக்குள் போட்டு அனுப்பக்கூடாது, தோள்பையில் இருக்கட்டும். கையெழுத்து இல்லாமல் போய் நின்றால் சிலரை 30 நாள் தவணை கொடுத்து உள்ளே விடுவார்களாம். அந்த அதிகாரியின் மனசை நம்பியா விமானம் ஏறுவது?

காகிதம் என்றதும் இவர் ஞாபகம் வருகிறது. பிறப்புப் பத்திரம் முதல் பள்ளிச் சான்றிதழ் வரை லேமினேட் செய்தே பழகிய மனுஷன். ஒரு காலை ஐ-20ஐ எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். மகள் வாசல்வரை ஓடி, "அப்பா, அது கோயில் படமில்லப்பா!" என்று பிடுங்கினாள். அன்று முழுக்க இவர் யாரோடும் பேசவில்லை.

புகைப்படக் கதை இன்னும் மோசம். இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக்கூடாது, படத்தில் எதையும் திருத்தக்கூடாது. இங்கே ஒரு கடைத் தம்பி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கேட்காமலே அவள் முகத்தை இரண்டு சுற்று வெளுத்துக் கொடுத்தான். "அக்காவுக்கு அழகா இருக்கட்டுமேன்னு" என்றான். நெற்றியில் இருந்த சின்னம்மைத் தழும்பைக்கூடக் காணோம். சண்டை போட்டு மறுபடி எடுக்க வைத்தேன். எங்கள் கறுப்பு எங்களுக்குப் போதும், இல்லையா?

ஆனால் உன்னிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்கிறவர்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களை யாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். கடந்த ஐந்து ஆண்டில் வைத்திருந்த கணக்குகளின் பெயர்களை விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். இவளும் இன்ஸ்டாகிராமைத் திறந்துவிட்டாள். தூதரகம் பார்த்ததோ இல்லையோ, சுங்கை பட்டாணி அண்ணி பார்த்துவிட்டாள். ஒரே ராத்திரியில் மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றுக்கும் இதயம். 2019 படத்தின் கீழே போய், "ஏன்மா இப்படி இளைச்சுட்ட?" அம்மா வைக்கும் ரசத்தைப் பற்றி இவள் கிண்டலாக எழுதியிருந்ததும் குடும்பக் குழுவில் சுற்றி வந்தது. பரவாயில்லை, என் ரசம் அப்படித்தான்.

சிரித்து முடித்த பிறகு பார்த்தால், நடுராத்திரியில் இவள் ஹாலில் தனியாக உட்கார்ந்து தான் எழுதியதையே ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். "நான் தப்பா ஒன்னும் எழுதலம்மா. ஆனா இதையெல்லாம் இன்னொருத்தர் கண்ணால படிச்சுப் பார்க்க வேண்டியிருக்கு" என்றாள். அழிக்கவா என்றால், அழித்தாலும் சந்தேகம் வருமோ என்று பயம். எந்தச் செய்தியைப் பகிர்ந்தோம், எந்தப் பேரணிப் படத்துக்கு விருப்பம் தெரிவித்தோம் என்று தேடுகிறாள். சரசு, கண்ணாடி மிஸ்ஸைப் பற்றி மேசைக்கு அடியில் நாம் எழுதியதையெல்லாம் யாராவது இப்படிப் படித்திருந்தால் நாம் ஆறாம் வகுப்பையே தாண்டியிருக்க மாட்டோம். எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் இவர்மேல் பட்டேன்.

நேர்காணலுக்குப் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி, செந்தூலில் தங்கை வீட்டில் இரவு தங்கி, காலையில் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனோம். முன்பு புதுப்பிக்கிறவர்களில் பலருக்கு நேர்காணல் இல்லாமலே முடிந்துவிடும். 2025 செப்டம்பரிலிருந்து அநேகமாக எல்லோருமே நேரில் போகத்தான் வேண்டும். உன் மகனும் அப்படித்தான் என்று வைத்துக்கொள். 185 டாலர் கட்டணம், அது திரும்ப வராது. உள்ளே இவளுடைய கொசு ஆராய்ச்சியைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். டெங்கியைப் பற்றி அந்த அதிகாரி சொந்த ஆர்வத்தோடு கேட்டாராம், கோலாலம்பூரில் குடியிருப்பவர் வேறென்ன கேட்பார்!

உன் மகனிடம் கேள்வி வேறு மாதிரி இருக்கும். மாணவர் விசா கேட்கிறவர் படிப்பு முடிந்து ஊர் திரும்புவார் என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும், இல்லையென்றால் மறுத்துவிடலாம். அவனோ படித்து முடித்து அங்கேயே வேலையில் இருக்கிறான். என்ன சொல்லப் போகிறான் என்று இப்போதே யோசிக்கட்டும், பொய் மட்டும் வேண்டாம். விசா கிடைத்தாலும் பாஸ்போர்ட் உடனே கைக்கு வராது. சிலருக்குக் கூடுதல் விசாரணை என்று நிறுத்தி வைக்கிறார்கள், அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் தாலி கட்டும் நாளுக்கு முதல் நாள் வந்து, விருந்து முடிந்ததும் ஏறுகிற டிக்கெட் வேண்டவே வேண்டாம். தூதரகத்தில் தேதி கிடைத்த பிறகுதான் டிக்கெட். தள்ளிப் போனால் கம்பெனி பொறுத்துக்கொள்ளுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்.

இன்னொன்று, கோபப்படாதே. "பொரி போடத் தம்பி இல்லாம என்ன கல்யாணம்" என்று நீ போனில் அழுதால் அவன் எதையும் பார்க்காமல் வந்துவிடுவான். உன் பிள்ளை, எனக்குத் தெரியாதா? அதனால் அழாதே. காகிதத்தைப் பார்த்து அவனே முடிவு செய்யட்டும். வர முடியாது என்று முடிவு செய்தால், உன் கொழுந்தன் மகன் பொரி போடுவான், இவன் வீடியோவில் பார்க்கட்டும். மகளிடம் நான் பேசுகிறேன், நான் சொன்னால் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கையெழுத்துத் தேதியைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல். கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவோம், மாடி அறையை எனக்கு ஒதுக்கிவிடாதே, முட்டி. ஜாதிக்காய் ஊறுகாய் கொண்டு வருகிறேன். போன தடவை மாதிரி சம்பந்தி வீட்டார் முன்னால் ஜாடியைத் திறக்காதே.

உன்
மணி