வில்லங்கம் இல்லை என்று சொன்ன உலாவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய உலாவியில் நாம் உட்கார்ந்து செய்யும் வேலைகளை இனிச் செயற்கை நுண்ணறிவே செய்து முடித்துவிடும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படிவம் நிரப்புவது, பயணச்சீட்டு எடுப்பது, கட்டணம் செலுத்துவது என எல்லாவற்றையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம் என்று கட்டுரையாளர் மகிழ்ந்திருந்தார். வேலூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் 26 ஆண்டுகளாக, முதலில் தட்டச்சுப் பொறியிலும் பிறகு கணினியிலும் வேலை பார்த்துவரும் எனக்கு அந்த மகிழ்ச்சியில் பாதிதான் உடன்பாடு. மறுபாதி ஏன் இல்லை என்பதற்கு எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் காட்பாடியிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். வாலாஜாவுக்குப் பக்கத்தில் தம் தந்தை வழியில் வந்த நிலத்தை விற்கவேண்டும், அதற்கு வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மீது அடமானம் போன்ற பதிவுகள் உண்டா என்று, பார்த்துத் தாருங்கள் என்றார். மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த தாய்ப் பத்திரம் 1971-இல் எழுதப்பட்டது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. சொத்து விவரத்தில் ‘வடஆற்காடு மாவட்டம், வாலாஜா தாலுகா’ என்று தொடங்கி, கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இருந்தன. கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தன் மடிக்கணினியில் இருந்த அந்த வகை உலாவியிடம் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்து, வில்லங்கம் பார்க்கச் சொன்னார். சுட்டி தானாக நகர்ந்து, பட்டியல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடியதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அடிக்கவேண்டிய கட்டம் வந்தபோது மட்டும் அது நின்று, எங்களையே நிரப்பச் சொன்னது. (உள்ளே இருப்பது மனிதன்தான் என்று சாட்சி சொல்வதற்காவது இன்னும் நாம் தேவைப்படுகிறோம்.) நான்கு நிமிடங்களில் விடை வந்தது: குறிப்பிட்ட சொத்தின் மீது பதிவுகள் எதுவும் இல்லை, எனவே வில்லங்கம் இல்லை, விற்பனைக்குத் தடையில்லை.

தம்பி அதை உரக்க வாசித்ததும் அந்த அம்மாள் கேட்டார்: “இன்னா தம்பி, எங்க அண்ணன் அடமானம் வெச்சி, அப்புறம் ரசீது எழுதி மீட்டாரே, அது எங்க போச்சி?”

எங்கே போயிற்று என்று தேடிய பிறகுதான் நடந்தது புரிந்தது. வடஆற்காடு மாவட்டம் என்று இன்று ஒரு மாவட்டம் இல்லை. 1989-இல் அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று திருவண்ணாமலை, மற்றொன்று வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருந்து பின்னர் வேலூர் மாவட்டமானது. 2019-இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தபோது வாலாஜா இராணிப்பேட்டை மாவட்டத்திற்குப் போனது. போதாக்குறைக்கு, பதிவுத்துறையின் எல்லைகள் ஒரு கணக்கு, வருவாய்த்துறையின் எல்லைகள் வேறொரு கணக்கு. எங்கள் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. பட்டியலில் வடஆற்காட்டைக் காணாத இயந்திரம், வடஆற்காடு என்றால் வேலூர் என்று தன் பாதி அறிவைக் கொண்டு முடிவு செய்து, வேலூரைச் சுற்றியுள்ள வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்தைத் தேர்ந்து, அதன் கீழ் ஏறத்தாழ அதே பெயருள்ள ஒரு கிராமத்தைப் பிடித்துக்கொண்டது. சர்வே எண் எல்லா ஊரிலும் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், அந்த எண்ணும் அங்கே பொருந்திவிட்டது. துறையின் இணையப் பக்கத்தின் மீது குற்றமில்லை; கேட்ட கேள்விக்கு அது சரியான விடையைத்தான் தந்தது. ஆனால் கேட்கப்பட்டது வேறு யாருடைய நிலத்தைப் பற்றியோ.

பிழை எல்லோருக்கும் வரும். 26 ஆண்டுகளில் நான் செய்தவற்றை எழுதினால் தங்கள் இதழில் இடம் போதாது. என்னைத் தொந்தரவு செய்வது, அது ஓர் இடத்திலும் தயங்கவில்லை என்பதுதான். உலாவியைத் தானாக இயக்கும் முயற்சி புதிதன்று. 2004-இல் தொடங்கிய செலினியம் போன்ற கருவிகள், இந்தப் பெட்டியில் இதை எழுது, இந்தப் பொத்தானை அழுத்து என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும். பக்கத்தின் அமைப்பு கொஞ்சம் மாறினாலும், தேடிய பெயர் பட்டியலில் இல்லையென்றாலும், அவை பிழை காட்டி நின்றுவிடும். 2024 அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனமும், 2025 ஜனவரியில் ஆபரேட்டர் என்ற பெயரில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் வெளியிட்டவை வேறு இனம். திரையைப் படமாகப் பார்த்து, அடுத்து எங்கே அழுத்தினால் சொன்ன வேலை முடியும் என்று மொழி மாதிரி (எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு) ஊகிக்கிறது, அழுத்துகிறது, மாறிய திரையை மறுபடி பார்க்கிறது. 2025-இலேயே பெர்ப்ளெக்சிட்டி நிறுவனத்தின் காமெட், ஓப்பன்ஏஐயின் அட்லஸ் என்று இந்தத் திறனை உள்ளேயே வைத்த உலாவிகளும் வந்துவிட்டன. வழி அடைபட்டால் வேறு வழி கண்டுபிடிப்பதே இவற்றின் பெருமை. பழைய கருவியாக இருந்திருந்தால் ‘வடஆற்காடு’ என்ற சொல் பட்டியலில் இல்லாததைக் கண்டதும் நின்றிருக்கும். நாங்களும் ஏன் நின்றது என்று பார்த்திருப்போம்.

இன்னொரு ஆபத்தைத் தங்கள் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. மொழி மாதிரிக்கு நாம் சொல்லும் கட்டளையும் எழுத்துதான், அது படிக்கும் பக்கத்தில் இருப்பதும் எழுத்துதான். இரண்டையும் பிரித்தறிவதில் அது அடிக்கடி தடுமாறுகிறது. பக்கத்தில் யாரோ ஒளித்துவைத்த ஒரு வாக்கியத்தை நம் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு அதன்படி நடந்துவிடக்கூடும். 2025 ஆகஸ்டில் பிரேவ் உலாவி நிறுவனத்தார் காமெட்டில் இதைச் செய்து காட்டினர்: ரெட்டிட் தளத்தின் ஒரு பதிவுக்குக் கீழே பின்னூட்டத்தில் மறைத்துவைத்த கட்டளையை ஏற்று, பதிவைச் சுருக்கித் தரும்படி மட்டும் கேட்டவரின் மின்னஞ்சலைத் திறந்து, அங்கே வந்திருந்த ஓடிபி எண்ணை எடுத்து, அந்தப் பின்னூட்டத்திற்கே பதிலாக எழுதிவிட்டது. அதே மாதம் ஆந்த்ரோபிக் நிறுவனமே, குரோம் உலாவியில் சேர்த்துக்கொள்ளும் தன் நீட்சியைச் சோதித்தபோது, இத்தகைய தாக்குதல்கள் 100-க்கு 23.6 என்ற அளவில் பலித்தன என்றும், பாதுகாப்புகளைச் சேர்த்த பிறகு அது 11.2 ஆகக் குறைந்தது என்றும் வெளியிட்டது. ஒளிக்காமல் சொன்னதைப் பாராட்டுகிறேன். ஆனால் சோதனையில் ஒன்பதில் ஒரு முறை பூட்டு திறந்துகொண்ட பீரோவில், எங்களிடம் ஆவணம் எழுத வரும் கட்சிக்காரரின் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இணைய சேவை மையம் நடத்துகிறவர்கள் பலர் ஒரே உலாவியில் தம் சொந்த மின்னஞ்சலையும் திறந்துவைத்துக்கொண்டு, வருகிறவர்களின் விண்ணப்பங்களையும் அனுப்புகிறார்கள் என்பதை இந்த ஊரில் எந்த வட்டாட்சியர் அலுவலகத்தின் எதிரே நின்றாலும் பார்க்கலாம்.

தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கும் வருகிறேன். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 11-வது பிரிவில், ஒருவர் சார்பில் தானாக இயங்கும்படி அமைக்கப்பட்ட தகவல் அமைப்பு அனுப்பும் மின்னணுப் பதிவும் அவரே அனுப்பியதாகக் கொள்ளப்படும் என்று சொல்கிறது. மொழி மாதிரிகளை மனத்தில் வைத்து எழுதிய பிரிவல்ல அது; எனினும் அதன் வாசகம் இவற்றுக்கும் பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. அப்படியானால், இயந்திரம் ஊகித்து நிரப்பிய ஊர்ப் பெயருக்கும் அந்த மூதாட்டியே பொறுப்பாகிறார்.

என் முதலாளியான பத்திர எழுத்தர், ஆவணம் எழுதி முடித்ததும் கட்சிக்காரர்களை உட்காரவைத்து வரிவரியாக வாசித்துக் காட்டுவார். நான்கெல்லை வரும்போது அவர் குரல் மெதுவாகிவிடும். ஒருமுறை, ‘மேற்கே ஓடைப் புறம்போக்கு’ என்று அவர் வாசித்ததும், கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு விவசாயி, “ஓடை இல்லீங்க, அது ஏரிக் கால்வா” என்று தடுத்தார். அந்தப் பக்கம் முழுவதையும் நான் மறுபடி தட்டச்சு செய்தேன். வாசித்து முடித்து, எழுதிக் கொடுப்பவர் கையொப்பமோ கைநாட்டோ வைத்த பிறகு, கடைசியில் ‘தயார் செய்தவர்’ என்று தம் பெயரையும் உரிம எண்ணையும் எழுதிக் கையொப்பமிடுவார். பின்னால் ஒரு வழக்கு வந்தால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று ஆவணத்திலேயே இருக்கும்.

உலாவிக்கும் இதையே கேட்கிறேன். நிரப்பும் வேலையை அது செய்யட்டும். இறுதிப் பொத்தானுக்கு முன் நின்று, நிரப்பியவற்றைத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். அப்போது ஆவணத்தில் கண்டபடி எழுதியது எது, தானாக ஊகித்து எழுதியது எது என்று பிரித்துச் சொல்லட்டும். ‘வடஆற்காடு என்று இருந்தது, நான் வேலூர் என்று எடுத்துக்கொண்டேன்’ என்று ஒரு வரி வந்திருந்தால் எங்களுக்கு அதுவே போதும். இப்போதுள்ள கருவிகள் பணம் செலுத்துமுன் பெரும்பாலும் அனுமதி கேட்கின்றன. ஆனால் எங்கள் ஊர்களில் பணத்தைவிடப் பெரிய சேதம் ஒரு பெயரின் முன்னெழுத்திலும் ஒரு கிராமத்தின் பெயரிலும் நேர்கிறது. பதிவுத்துறையும் இணைய சேவை மையங்களை நடத்தும் துறையினரும், தானியங்கி மென்பொருள் கொண்டு நிரப்பப்பட்டது என்ற குறிப்பை விண்ணப்பத்திலேயே பதியும் வழியை யோசிக்கலாம்.

வேண்டாம் என்று கதவை அடைப்பது என் நோக்கமில்லை. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எங்கள் ஊர் சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்திற்காக வந்து, காந்தி ரோடு விடுதிகளில் தங்கி, மொழி புரியாமல் இடைத்தரகர்களிடம் பணம் இழப்பவர்களுக்கு, அவர்கள் மொழியிலேயே கேட்டுப் படிவம் நிரப்பித் தரும் கருவி எவ்வளவு உதவியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்வையற்ற என் நண்பர் ஒருவர், திரைவாசிப்பான் வைத்துக்கொண்டும் முடிக்க முடியாத படிவங்களை இப்போது சொல்லியே முடிக்கிறார். அவருக்குத்தான், கடைசியில் வாசித்துக் காட்டுவது என்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

அந்த அம்மாளுக்குச் சரியான அலுவலகத்தையும் கிராமத்தையும் தேர்ந்து மறுபடி பார்த்தபோது, அடமானத்தைக் காட்டும் ஈடு ஒன்றும் அதை மீட்டதற்கான ரசீது ஒன்றுமாக இரண்டு பதிவுகளும் வந்தன. “அதான் சொன்னேனே” என்று பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தம்பி இன்னமும் அந்த உலாவியைப் பயன்படுத்துகிறார். கட்டத்தை நிரப்பும் வரைக்கும்தான். நிரப்பியதைக் கட்சிக்காரர் முன்னால் உரக்க வாசித்த பிறகே பொத்தானைத் தொடவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான்கு நிமிட வேலை இருபது நிமிடம் ஆகிறதே என்று தம்பி முணுமுணுப்பது என் மேசை வரைக்கும் கேட்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.