எல்ஃப்களை உழ விடுங்கள்

மதிப்பிற்குரிய தொகுப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். எல்ஃப்கள், அதாவது மேலைக் கற்பனைக் கதைகளில் வரும் நீண்ட ஆயுள் கொண்ட வனவாசிகள், மலைக்காட்டில் வாழும் கதைகளுக்கான உங்கள் விதிமுறைத் தாள் இந்த முறையும் அதே வரியோடு வந்திருக்கிறது: "எல்ஃப்கள் உழுவதில்லை, காடே அவர்களுக்கு ஊட்டுகிறது." சென்ற தொகுப்பின்போதே இதைப் பற்றி எழுதினோம். உங்களிடமிருந்து பதில் வந்தது, வரி போகவில்லை. இப்போது, எருக்குழி வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கதை திரும்பி வந்திருப்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான்: அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

உங்கள் காடு சேர்வராயன் மலையைப் பார்த்து வரைந்தது என்று முன்னுரை சொல்கிறது. உயரம், பனிமூட்டம், பலா, மிளகுக்கொடி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அதற்குள் 3,000 எல்ஃப்கள் வாழும் நகரம். அவர்கள் ஆண்டுதோறும் அறுவடைத் திருவிழா வேறு கொண்டாடுகிறார்கள். எதை அறுத்தார்கள்?

கணக்கைப் பாருங்கள். மலைச்சரிவில் மானாவாரிச் சாமை ஏக்கருக்கு 400 கிலோ வந்தால் மகிழ்ச்சிதான். உமியும் தவிடும் நொய்யும் போக 260 கிலோ அரிசி தேறும். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 150 கிலோ என்று வைத்தால் ஓர் ஏக்கர் இரண்டு பேரைக்கூடத் தாங்காது. உங்கள் நகரத்துக்கு 1,700 ஏக்கருக்கு மேல் வெயில் படும் நிலம் வேண்டும். ஆம், வெயில். சாமையோ தினையோ கேழ்வரகோ அடர்நிழலில் தூர் கட்டாது, கதிர் பதராகிப்போகும். நீங்கள் விருந்தில் பரிமாறும் கோதுமை ரொட்டிக்கும் இதே கதிதான்.

விளைந்தாலும் உடனே சோறாகிவிடாது. விதிமுறைத் தாளை எழுதியவர் ஒரு படி சாமையையாவது உரலில் இட்டுப் பார்த்திருந்தால் அந்த வரி வந்திருக்காது. சாமையின் உமி வழுவழுப்பானது, மணியை இறுகப் பிடித்திருக்கும். காய்ச்சல் போதாமல் குத்தினால் மணி நசுங்கும். அதிகம் காய்ந்துவிட்டால் நொய்யாக உடையும். ஒரு முறை குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததைத் திரும்ப உரலில் இட்டு, மறுபடி புடைத்து, கடைசியில் தண்ணீரில் கல் அரிக்க வேண்டும். மொத்தமாகக் குத்தி வைத்துக்கொள்ளவும் முடியாது. உமியோடு குதிரில் போட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாத தானியம், குத்தியபின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சில வாரங்களில் காறிவிடும். அதனால் இந்த வேலை அன்றாடம் நடந்தாக வேண்டும். 3,000 பேர் விருந்துக்கு எத்தனை உலக்கைகள், எத்தனை தோள்கள்! உங்கள் ஏழு கதைகளில் ஒன்றில்கூட ஓர் உலக்கைச் சத்தம் இல்லை. யாழ் மட்டும் ஓயாமல் கேட்கிறது.

காடு ஊட்டவே ஊட்டாதா என்றால், ஊட்டும், கவனித்துக்கொண்டால். சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்கு வந்து "என்ன அழகான காடு!" என்று படமெடுக்கிறவர்களின் கண்ணில் படுவதில் பெரும்பகுதி காப்பித் தோட்டம். மேலே சில்வர் ஓக், அதன் தண்டில் மிளகு, இடையிடையே பலா, கீழே காப்பி. பருவமழைக்கு முன் ஆள் ஏறி நிழல் தரும் கிளைகளைக் கழிக்க வேண்டும். நிழல் கூடினால் காப்பியும் மிளகும் பூப்பது குறையும், ஈரம் தேங்கி அழுகல் வரும். குறைந்தால் தண்டுத்துளைப்பான் என்ற பூச்சி அரபிகா வகைக் காப்பிச் செடியைக் குடைந்துவிடும். உங்கள் எல்ஃப்களுக்கு இதைக் கொடுங்களேன். சரிவில் சாமை, மரத்தடியில் சேம்பும் மஞ்சளும், மரமேறும் வள்ளிக்கொடி, பலாக்கொட்டையை மண்ணில் புதைத்துவைக்கிற பாட்டி. அவர்களுக்கு ஆயுள் வேறு நீளம். விதைபோட்ட பலா காய்க்க ஐந்து முதல் எட்டு ஆண்டு ஆகும். தலைமுறை தலைமுறையாக நல்ல மரத்தைப் பொறுக்கி விதை எடுப்பது நமக்குப் பேரன் காலத்து வேலை. ஓர் எல்ஃப் தன் ஆயுளுக்குள்ளேயே பத்துத் தலைமுறைப் பலாவைத் தேர்ந்தெடுத்துவிடலாம். எழுத எவ்வளவு இருக்கிறது! நீங்களோ அவர்களைப் பழம் பொறுக்க அனுப்புகிறீர்கள்.

உழுதால் அழகு குறையும் என்பது உங்கள் கவலையானால், வள்ளியை நினைத்துப் பாருங்கள். பரண்மேல் நின்று, கவணும் கையுமாக, ஆலோலம் பாடித் தினைப்புனம் காத்தவள்தானே? முருகனுக்கு அவள் கொஞ்சம்கூட அழகு குறைந்தவளாகத் தெரியவில்லை.

உங்கள் எல்ஃப்கள் வழிக்குக் கட்டிக்கொண்டுபோகும் அந்தப் பயண ரொட்டியையும் விட மனமில்லை. ஒரு துண்டு தின்றால் மூன்று நாள் மலையேறலாமாம். சுமையோடு மலையேறுகிறவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3,000 கலோரி வேண்டும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. வெறும் நெய்யாகவே விழுங்கினாலும் மூன்று நாளுக்கு ஒரு கிலோ. வறுத்து அரைத்த தினைமாவு ஒரு கிலோவுக்குத் தேன் 400 கிராம் சேர்த்துப் பிடித்தால் ஏறத்தாழ 4,600 கலோரி வரும்; அதில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 900 கிராம் போல வேண்டும். மாவை வாசம் வரும்வரை வறுக்காவிட்டால் பச்சை வாடை போகாது, சீக்கிரம் பூச்சியும் விழும். மந்திர ரொட்டி என்றால் மந்திரம் என்றே எழுதிவிடுங்கள், வாயை மூடிக்கொள்கிறோம். "தானியச் சத்து" என்று எழுதினால் கணக்குக் கேட்போம். சுரங்கத்துக் குள்ளர்கள் பீப்பாய் பீப்பாயாகக் குடிக்கும் பீருக்கு வாற்கோதுமை எங்கே விளைகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அது வேறு தொகுப்பு, வேறு குழு. கோபத்தில் திசைமாறிவிட்டோம், பொறுத்தருளுங்கள்.

பணிவாகவே மீண்டும் கேட்கிறோம். அடுத்த தொகுப்புக்குக் கதை வாங்கத் தொடங்குமுன் "எல்ஃப்கள் உழுவதில்லை" என்ற வரியை நீக்குங்கள். திருப்பி அனுப்பிய கதையை எருக்குழியோடு மறுபடி படித்துப் பாருங்கள். கூடவே ஒரு சிறு வேண்டுகோள்: கடலே இல்லாத அந்தக் காட்டுக்கு உப்பு யார் கொண்டுவருகிறார்கள், பதிலுக்கு என்ன வாங்கிப்போகிறார்கள் என்று எழுத்தாளர்களிடம் கேளுங்கள். மிளகு, தேன், மஞ்சள் என்று பதில் வந்தால் அங்கே ஒரு சந்தையும் ஒரு மலைப்பாதையும் தானாக வந்துவிடும். சமையலறைப் பகுதிகளைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் அனுப்பிவையுங்கள், படித்துத் தருகிறோம். காப்பி அறுவடை நடக்கும் கார்த்திகை, மார்கழி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து
கதை படிக்கும் தோட்டக்காரர்கள் சிலர்